மங்கா சொன்ன ஒரு சொல்

சிரித்துக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போன இந்திராணி, உகாதிப் பச்சடியைக்கூட வாயில் வைக்காமல் சித்தூருக்குத் திரும்பிவிட்டாள்.

பண்டிகை நாளாயிற்றே, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடலாம் என்று அண்ணன் தத்தெடுத்த மங்காவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனது அவள்தான். கொலுசைக் கழற்றினதும் அவள்தான். கொலுசுக்கு அடியிலும் கெண்டைக்காலிலும் இருந்ததைப் பார்த்தபோது கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் நழுவிவிட்டது. ஆறின தழும்பு, ஆறுகிற புண், இன்னும் ஆறத் தொடங்காதது என்று வரிசையாக இருந்தன.

"இன்னாடி இது?"

"நான் பாய்லே போய்ட்டேன் அத்தே."

ஏழு வயசுக் குழந்தை சொன்ன பதில் அவ்வளவுதான்.

அண்ணன் தணிகாசலத்தைக் கேட்டால், "பாய்லே போற புள்ளைக்கு சூடு வெக்கிறது நம்ம ஊர்லே இல்லாததா? நீ இன்னா பெரிய டாக்டரம்மாவா?" என்று சிரித்தான். அண்ணி ரத்தினம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவே இல்லை.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் இந்திராணி அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பாள். தணிகாசலம் அவளுக்கு அண்ணன் மட்டுமில்லையே! அம்மா போனபோது அவளுக்கு நாலு வயசு. தலைவாரி, பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் தோளில் தூக்கிப்போனவன் அவன். அவன் மேலேயா புகார் சொல்வது? அழுதாள். யோசித்தாள். மறுபடியும் அழுதாள். வியாழக்கிழமை விடியற்காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு புருஷனை எழுப்பினாள்.

"கிளம்புங்க. இன்னிக்கு உட்டா அப்புறம் இல்லே."

அவள் சொன்னது சரிதான். மறுநாள் 1960-ஆம் வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி. அண்ணனுடைய ஊரான ஏரிக்குப்பம் அன்றைக்கு வரைக்கும்தான் ஆந்திராவில் சித்தூர் ஜில்லா. பள்ளிப்பட்டைச் சுற்றியிருந்த மற்ற ஊர்களோடு அதுவும் மறுநாள் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது. எத்தனை வருஷத்துத் தகராறு! கொடி பிடித்தவர்கள் கொண்டாடட்டும், அவர்கள் பட்டதற்குக் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மங்காவைத் தத்துக் கொடுத்த அனாதைக் குழந்தைகள் நிலையம் திருப்பதியில் இருந்தது. தத்துப் போன பிள்ளைகளைப் போய்ப் பார்க்கிற ஆபீசர் சித்தூரில் இருந்தார். ஊர் அந்தப் பக்கம் போனால் மங்காவுக்கு யார்? இந்த ஒரு கேள்வியை எந்தக் கமிஷனும் கேட்டதாகத் தெரியவில்லை.

புருஷன் பச்சையப்பன் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் இல்லாமல் எமன் ஏறினாலும் நடுவழியில் இறக்கிவிடுவான். மச்சான் தணிகாசலம் எதிரே வந்தால் மட்டும் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

திருப்பதி நிலையத்தின் வார்டனம்மா கமலம்மா, மங்கா பேரைக் கேட்டதுமே முகம் மலர்ந்தாள். திருமலைப் படியில் கூட்டத்தோடு கூட்டமாக யாரோ விட்டுப்போன மூன்று வயசுக் குழந்தை அது. அதற்குப் பேர் வைத்ததே கமலம்மாதான்.

"நல்லா கீறாளா? போறப்போ கன்னம் எப்படி ஒட்டிக்கினு இருந்துச்சு! இப்போ சதை போட்டிருக்கும், இல்லே?"

இந்திராணி சொன்னாள். கமலம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் தேறியும் கொண்டது. அப்படித் தேறிக்கொண்டதுதான் இந்திராணிக்குப் பிடிக்கவில்லை.

"இதோ பாரும்மா, கொடுத்த பிறகு எங்க கையிலே ஒண்ணுமில்லே. பெத்தவ ரெண்டு போட்டா யாருனா கேக்கறாங்களா? தத்து எடுத்தவங்களும் அப்படித்தான். நாங்க போய் ஏன் எதுக்குன்னு கேட்டா, 'அப்போ நீயே வெச்சுக்கோ'ன்னு கொணாந்து உட்டுடுவாங்க."

"உடட்டுமே! வெச்சுக்கோங்களேன்! இங்கே இருந்த புள்ளைதானே?"

"ஒரு பாய்லே ரெண்டு புள்ளைங்க படுக்குதுங்கம்மா. அதுவுமில்லாம, திரும்பி வந்த புள்ளையை அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க. நான் அதோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மனசாரத்தான் சொன்னாள். கெட்ட மனசுக்காரி என்றால் இந்திராணி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். இவளை என்ன கேட்பது?

"சித்தூர் ஆபீசரைப் போய்ப் பாரு," என்றாள் கமலம்மா. "சங்கராந்தி முடிஞ்சதும் ஏரிக்குப்பத்துக்கு நேர்லேயே போய்ட்டு வந்தாரு. புள்ளை ரொம்ப சந்தோஷமா இருக்குதுன்னு வந்து சொன்னாரே!"

"சங்கராந்திக்கா?"

கெண்டைக்காலில் பாதித் தழும்பு அதற்கு முந்தினது. இந்திராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனுஷனுக்குக் கண் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? பஸ்ஸில் சந்திரகிரி தாண்டுகிற வரைக்கும் இதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பச்சையப்பன் வாங்கிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம் மடியிலேயே கிடந்தது.

சித்தூர் ஆபீசில் அன்றைக்கு வேலை நடக்கவில்லை, வீடு காலி செய்கிற மாதிரி இருந்தது. சிவப்புத் துணியில் கட்டின காகிதக் கட்டுகளைப் பியூன்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். இந்தச் சீமைக்கு மாற்றலாகி வந்து வருஷம் திரும்பவில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இந்திராணிக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு, தெலுங்கிலேயே பேசினாள்.

திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஏரிக்குப்பம் மங்கா என்ற பேரைச் சொன்னதும் அந்த மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மங்காவா! மறக்க முடியுமா அம்மா! நான் எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைங்க ஓடி ஒளியும். அது ஒண்ணுதான் தானா என்கிட்டே வந்தது."

"என்ன கேட்டீங்க சார்?"

"அம்மா உன்னை நல்லா பார்த்துக்கிறாங்களான்னு கேட்டேன். அந்தம்மா வாசற்படியிலே நின்னுட்டிருந்தாங்க. குழந்தை பேசவே இல்லை. அப்புறம் மெதுவா என் பக்கத்துலே வந்து, பாவாடையை இத்துனூண்டு தூக்கி, காலைத் தொட்டுக் காட்டி, 'சூடு'ன்னுச்சு!"

நினைத்து நினைத்துச் சிரித்தார்.

"புதுக் கொலுசு போட்டிருந்ததம்மா! பெரிய ஆபீசர்கிட்டே பேசறோமே, 'சூடண்டி'ன்னு மரியாதையா சொல்லணுமேன்னு உண்டா? சொந்த அப்பன்கிட்டே சொல்ற மாதிரி 'சூடு'! எங்க குண்டூர்லே 'ச்சூடு'ன்னு அழுத்திச் சொல்லுவோம். இது இந்தப் பக்கத்து நாக்காச்சே! 'பார்த்தேன் தாயி, பார்த்தேன், ரொம்ப நல்லாருக்கு'ன்னேன். மறுபடியும் 'சூடு'ங்குது. நான் அந்தக் கொலுசைச் சுண்டிக்கூடப் பார்த்தேன். கலகலன்னுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லைன்னு."

தெலுங்கில் சூடு என்றால் 'பார்'. சித்தூர்க் கடைத்தெருவில் நாள் பூரா காதில் விழுகிற சொல். அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

இந்திராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"சார்... அவ பாருன்னு சொல்லலே சார்."

"என்ன?"

"அது தமிழ் வீடு. எங்க பேச்சுலே சூடுன்னா... உங்க தெலுங்குலே வாத, சார்! வாத! காய்ச்சின கரண்டியாலே வெக்கிற வாத! கொலுசைக் காட்டலே சார் அவ. கொலுசுக்கு அடியிலே இருக்கிறதைக் காட்டினா!"

மங்காவுக்குத் தெலுங்கு தெரியாதா என்ன? மூன்று வருஷம் நிலையத்தில் தெலுங்கில் வளர்ந்த குழந்தைதான். ஆனால் நிலையத்தில் அரை வயிறு இருந்தது, பாதிப் பாய் இருந்தது, இது இல்லை. காய்ச்சின கரண்டியும் அதற்கு உண்டான சொல்லும் இரண்டுமே ஏரிக்குப்பத்து வீட்டில் கற்றுக்கொண்டது. வாசற்படியில் அம்மா நிற்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லத்தான் அதற்குத் தைரியம் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டது. இரண்டு தடவை சொல்லிவிட்டது.

ஆபீசர் தன் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுண்டிப் பார்த்தேனே," என்றார். "அம்மா, நான் அதைச் சுண்டிப் பார்த்தேனே!"

அவருக்கும் பெண் குழந்தை உண்டாம். இந்திராணிக்கு அதையெல்லாம் கேட்க அவகாசமில்லை.

"எழுந்திருங்க சார். இப்பவே வாங்க, புள்ளையைக் கூட்டிக்கினு வந்துடலாம்."

"ஜீப் எல்லாம் ஊர்களை ஒப்படைக்கிற இடத்துக்குப் போயிருக்கம்மா. பிள்ளையை வீட்டிலேருந்து எடுக்கணும்னா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும். அவரும் அங்கேதான் இருக்கார்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நான் அந்தக் கதவைத் தட்டினா வேற ராஜ்யத்து ஆள். போடா வெளியேன்னா வந்துட வேண்டியதுதான். இனிமே அந்த ஊர் செங்கல்பட்டு ஜில்லா, அங்கே எழுதறேன். இன்னிக்கே எழுதறேன்."

"அங்கே யாரு பார்ப்பாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடலைம்மா."

"அப்போ இத்தினி பேரு இருந்து எதுக்கு?" இந்திராணியின் குரல் ஓங்கியதும் லாரியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த பியூன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "திருப்பதியிலே கேட்டா சித்தூரைக் காட்டறாங்க. சித்தூர்லே கேட்டா செங்கல்பட்டைக் காட்டறீங்க. ஊருக்குக் கோடு போட்டீங்க, சரி. என் புள்ளையை எந்தப் பக்கம் போட்டீங்க?"

பச்சையப்பன் அவள் தோளைத் தொட்டான். ஆபீசர் வாசல் வரைக்கும் கூடவே வந்து, அடங்கின குரலில், "அவங்களா சம்மதிச்சு உங்களோட அனுப்பினா யாரும் தடுக்க மாட்டாங்க. நல்லதனமா கேளுங்கம்மா," என்றார்.

இதைச் சொல்ல ஒரு சர்க்கார்!

ஏரிக்குப்பத்தில் வெயில் இறங்கும்போது தெருவெல்லாம் மாவிலைத் தோரணம். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. தணிகாசலம் சலவை வேட்டி கட்டி, கொண்டாட்டக் கமிட்டிக்காரனாய் நின்றிருந்தான். தங்கையைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"வாம்மா! வா மாப்ளே! விடிஞ்சா நாம மெட்ராஸ்! என் தங்கச்சி என்மேல கோவிச்சுக்கினு போய்ட்டாளேன்னு மூணு நாளா சோறு எறங்கலே தெரியுமா?"

பொய்யில்லை, அவனுக்கு நிஜமாகவே இறங்கியிருக்காது. இந்திராணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். சிரித்தாள். பொய் சொன்னாள்.

"வீட்லே தனியா கீறேன் அண்ணே. மங்காவைக் கொஞ்ச நாளைக்கு நான் கூட்டிக்கினு போறேனே?"

"இதைக் கேக்கணுமா? உன் மருமவதானே!"

ரத்தினம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். மூன்று பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள். கண்ணுக்கடியில் கருவளையம்.

"கூட்டிக்கினு போ," என்றாள். "நானும் அடிச்சுப் பார்த்துட்டேன், கொஞ்சிப் பார்த்துட்டேன், சாமிக்கு முடிஞ்சு வெச்சும் பார்த்துட்டேன். ராவானா பாய் நனையுது. எனக்கு மட்டும் ஆசையா இந்திராணி? நான் இன்னாதான் பண்றது?"

இந்திராணியிடம் அதற்குப் பதில் இருந்தது. சொன்னால் காரியம் கெடும். வாயை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

மங்கா வேலியில் பாயை உலர்த்திக்கொண்டிருந்தாள். பாய் அவளைவிட உயரம்.

"மங்கா, அத்தே வூட்டுக்குப் போலாம் வா. சித்தூருக்கு."

"அந்த சாரு ஊருக்கா?"

"ஆமாண்டி கண்ணு. அவருகிட்ட நீ சொன்னியாமே?"

"சொன்னேன் அத்தே. ரெண்டு வாட்டி சொன்னேன். அவரு சிரிச்சாரு." மங்கா பாயின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "அப்புறம் யாருகிட்டயும் சொல்லலே."

இந்திராணி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தைக்குத் தெரியாமல் அழுதாள். கோபித்து என்ன பிரயோசனம், யாரைக் கோபிப்பது?

துணியெல்லாம் எடுத்துப் பைக்குள் வைக்கிற வரைக்கும் மங்கா நன்றாகத்தான் இருந்தாள். அவளுக்கு இருந்ததே இரண்டு பாவாடை. இரண்டாவதையும் இந்திராணி பைக்குள் திணித்தபோது குழந்தையின் முகம் மாறிவிட்டது.

"எல்லாத் துணியும் எதுக்கு அத்தே?"

"கொஞ்ச நாள் இருக்கப் போறேல்லே, அதுக்குத்தான்."

"அப்புறம் திருப்பதிக்கா?"

"இல்லேடி! சத்தியமா இல்லே!"

"அங்கே ஒரு அக்கா இருந்தா. ஒரு வூட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துட்டா. அவ பேரே போயிடுச்சு அத்தே. எல்லாரும் வாபஸ்ஸுன்னுதான் கூப்புடுவாங்க. சோறு போடறப்போகூட, 'வாபஸ், தட்டை எடுத்துக்கினு வா'ன்னுவாங்க." மூச்சு விடாமல் சொன்னாள். இந்திராணி அவளிடம் இவ்வளவு பேச்சைக் கேட்டதே இல்லை. "நான் வாபஸ் ஆவ மாட்டேன் அத்தே."

"நீ என்கூடத்தாண்டி இருக்கப் போறே, என் தங்கமே..."

கையை உதறிவிட்டு மங்கா ஓடினாள். கூடத்தைத் தாண்டி, தணிகாசலத்தைத் தாண்டி, நேராகப் போய் ரத்தினம்மாவின் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, என்னை வாபஸ் பண்ணாதேம்மா! இனிமே பாய்லே போவ மாட்டேம்மா!"

ரத்தினம்மா திகைத்துப்போய் நின்றாள். குழந்தை இரண்டு கையாலும் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டியது.

"சூடு வெச்சுடும்மா. இப்பவே வெச்சுடு. நான் அழ மாட்டேன். அனுப்பாதே."

தணிகாசலத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோள் துண்டால் துடைத்துக்கொண்டே தங்கையின் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா இந்திராணி? உன் கண்ணாலேயே பாத்துக்கோ! பெத்த தாயை உட்டுப் போற மாதிரி துடிக்கிறா. நீ இன்னாமோ அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போனியே!"

இவனுக்கும் காது இப்படியா?

அப்போதுதான் பச்சையப்பன் பேசினான். மச்சான் எதிரே அவன் குரல் எழும்பினது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"மச்சான், அது இன்னா சொல்லுச்சுன்னு உன் காதுலே விழுந்துதா?"

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தினம்மாவின் காதில் விழுந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கை குழந்தையின் தலைக்கு மேலே போய், தொடாமல், அப்படியே நின்றது. அணைக்கப் போகிறதா, தள்ளப் போகிறதா என்று இந்திராணியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கடைசி பஸ் போயிடும் இந்திராணி," என்றான் பச்சையப்பன்.

"நீங்க போங்க." இந்திராணி துணிப்பையைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "அவ வரமாட்டேன்னா நான் இங்கே இருந்துட்டுப் போறேன்."

"எத்தினி நாளைக்கு இருப்பே?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

சண்டைக்குக் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. இருக்கச் சொல்லிக் கேட்டதாகவும் தெரியவில்லை.

தூக்கிப் பிடித்த பாவாடையை மங்கா இன்னும் விடவில்லை.